ஷிப்ட் மாறும் ஊரில் மாரத்தான் பயிற்சி: இதயத்துடிப்பின் இடைவெளியை அளந்து ஓடுவது எப்படி?

சென்னை மாரத்தான் ஜனவரியில் வருகிறது. பதினாறு வாரப் பயிற்சி என்றால் செப்டம்பரில் தொடங்கியாக வேண்டும். அட்டவணைக்குப் பஞ்சமில்லை. செவ்வாய் இன்டர்வல், வியாழன் டெம்போ, ஞாயிறு லாங் ரன் என்று இணையத்தில் எத்தனையோ கிடைக்கின்றன. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் சி ஷிப்ட் இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும் என்பது அந்த அட்டவணையை எழுதியவருக்குத் தெரியாது. ஆவடியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே படுப்பவருக்குக் கோடையில் நள்ளிரவு தாண்டித்தான் கண் அசரும் என்பதோ, பூந்தமல்லியில் நின்று இருங்காட்டுக்கோட்டைக்குக் கம்பெனி பஸ் பிடிப்பவர் ஓட வேண்டுமானால் நாலரைக்கே எழ வேண்டும் என்பதோ அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஓட்டத்தால் வந்த களைப்பு, வேலையால் வந்த களைப்பு என்று இதயம் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து சேர்கின்றன. அந்தக் கூட்டுத்தொகையைத் தோராயமாகக் காட்டும் எண்தான் இதயத்துடிப்பு மாறுபாடு. ஓட்டக்காரர்கள் எச்.ஆர்.வி. என்பார்கள். இந்தப் பகுதியின் ஓட்டக்காரருக்கு இதன் பயன் மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகம் என்பது என் எண்ணம். காரணம், இங்கே பயிற்சியைக் கெடுப்பது பெரும்பாலும் பயிற்சிக்கு வெளியே இருக்கிறது.

காவலர் தேர்வுக்காக 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகும் இளைஞர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கு வேண்டியது ஒழுங்கான ஓட்டமும் நல்ல தூக்கமும். எண் தேவையில்லை.

எண் எங்கிருந்து வருகிறது

இதயத்தை நரம்புகளின் தலையீடு இல்லாமல் அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்கும். அதை 70, 60 என்று இழுத்துப் பிடித்து வைப்பது வேகஸ் நரம்பு. நெடுந்தூர ஓட்டத்தில் பழகியவர்களுக்கு 50, சிலருக்கு அதற்கும் கீழே. பிரேக்கில் காலை வைத்தபடியே வண்டி ஓட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது தளர்கிறது, வெளியே விடும்போது இறுகுகிறது. அதனால் நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒவ்வொரு துடிப்பும் சரியாக ஒரு நொடிக்கு ஒருமுறை வருகிறது என்று அர்த்தமில்லை.

அடுத்தடுத்த இடைவெளிகள் 1000, 1040, 990, 1030 மில்லி நொடி என்று இருப்பதாகக் கொள்வோம். வித்தியாசங்கள் 40, 50, 40. இவற்றின் வர்க்கங்கள் 1600, 2500, 1600. கூட்டினால் 5700. மூன்றால் வகுத்தால் 1900. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 43.6. இதுதான் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற அளவு. காலையில் உங்கள் செயலி காட்டும் எண்ணுக்குப் பின்னால் நடப்பது இவ்வளவுதான், நான்கு துடிப்புக்குப் பதில் அறுபது, நூறு துடிப்புகளை வைத்து. பல செயலிகள் இதை மடக்கையாக மாற்றித் தங்களுக்கென ஓர் அளவுகோலில் போட்டுக் காட்டும். 43.6 என்பது ஒரு செயலியில் 7.5 என்றும், இன்னொன்றில் 58 என்றும் தெரியக்கூடும். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டால் வருவது வீண் கவலை மட்டுமே. ஒரே செயலியாக இருந்தாலும் ஒப்பிடக்கூடாது. வயது, உடல்வாகு, பரம்பரை எல்லாம் சேர்ந்து ஒருவருக்கு 30ஐயும் இன்னொருவருக்கு 90ஐயும் இயல்பாக்கிவிடுகின்றன.

ஓய்ந்த உடலில் வேகஸ் சுறுசுறுப்பாக இருக்கும், இடைவெளிகள் ஏறி இறங்கும். தூக்கமின்மை, காய்ச்சல், வெக்கை, மது, கடும் ஓட்டம் இவற்றில் எது வந்தாலும் அதன் பிடி தளர்ந்து துடிப்புகள் ஒரே அளவாகிவிடும், எண் இறங்கும்.

கருவி

நெஞ்சுப் பட்டைதான் துல்லியமானது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லா இதயத்துடிப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த எச்-10 பட்டை இன்றும் நம்பகமானது. சி.ஆர். 2025 என்ற பட்டன் பேட்டரியில் ஓடும். பட்டையை ஈரப்படுத்தாமல் கட்டினால் தப்பான எண் வரும்.

பட்டை வாங்க இப்போது மனமில்லையென்றால் கைப்பேசி கேமராவே போதும். விரல் நுனியைக் கேமராவின் மேலும் ஃபிளாஷ் விளக்கின் மேலும் படும்படி மெதுவாக வைக்க வேண்டும். அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு அலை தெளிவாக வராது.

கடிகாரங்களில் கவனம் தேவை. ஆப்பிள் வாட்ச் ஆரோக்கியச் செயலியில் காட்டுவது எஸ்.டி.என்.என். என்ற வேறொரு அளவு, அதுவும் நாளின் பல நேரங்களில் எடுத்தது. கார்மின் இரவு முழுக்க அளந்து ஏழு நாள் சராசரியாகத் தருகிறது. உங்கள் இயல்பு வரம்பைச் சொல்ல அதற்கு மூன்று வாரம் பிடிக்கும். எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் கருவி மாற்றினால் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.

விடிகாலை இரண்டு நிமிடம்

எழுந்தவுடன் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். காபி, டீ, சிகரெட் எதுவும் கூடாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறக்கவும் வேண்டாம். முதுகைச் சாய்க்க வசதியான நாற்காலியிலோ, சுவரோரம் கட்டிலிலோ உட்காருங்கள். ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு அளவைத் தொடங்குங்கள். ஒரு நிமிடம் அளந்தாலே போதும். இரண்டு நிமிடம் என்றால் மனதுக்குத் திருப்தி. இருமல், விழுங்கல், பேச்சு, கொசுவை அடிக்கக் கையை ஓங்குவது எல்லாமே அலையைக் கெடுக்கும். கொசு வலைக்குள்ளேயே உட்கார்ந்து அளப்பவர்கள் புத்திசாலிகள்.

படுத்துக்கொண்டு அளந்தால் என்ன என்று கேட்பீர்கள். பலருக்கு அது சரிதான். ஓய்வுத் துடிப்பு 40களில் இருக்கும் பழுத்த ஓட்டக்காரர்களுக்கு மட்டும் படுத்த நிலையில் வேகஸின் வேலை உச்சத்தில் போய் முட்டி நிற்கும். களைப்பு வந்தாலும் எண்ணில் தெரியாது. அவர்கள் உட்கார்ந்தோ நின்றோ அளப்பது நல்லது. எந்த நிலையைத் தேர்ந்தாலும் தினமும் அதே நிலை.

மூச்சை இயல்பாக விடுங்கள். பிராணாயாமம் செய்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று மெதுவாக இழுத்து விட்டால் எண் எகிறும். அது அந்த நேரத்து மூச்சின் வேலை. நேற்றைய ஓட்டத்திலிருந்து உடல் தேறிவிட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. பயிற்சியாகச் செய்வது வேறு விஷயம். புதுச்சேரி ஜிப்மரின் உடலியங்கியல் துறையினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மாதம் மெதுவான மூச்சுப் பயிற்சி செய்த மாணவர்களிடம் உடலை ஓய்வுக்கு இழுக்கும் நரம்பு மண்டலம் வலுப்பட்டிருந்தது. வேகமான மூச்சுப் பயிற்சி செய்தவர்களிடம் அப்படி மாற்றம் தெரியவில்லை. ஆகவே பிராணாயாமம் தாராளமாகச் செய்யுங்கள், அளந்து முடித்த பிறகு.

வழக்கமாக 45 காட்டும் எண் திடீரென்று 95 காட்டினால் கொண்டாட வேண்டாம். நடுவில் ஒரு துடிப்பு முந்தி விழுந்திருக்கும், அல்லது விரல் நகர்ந்திருக்கும். ஒரே ஒருமுறை மறுபடி அளக்கலாம். எண் பிடிக்கவில்லை என்பதற்காக மூன்றாம் முறை அளப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

ஏழு நாளும் முடியாதவர்கள் வாரத்தில் நான்கு நாளாவது அளக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் வாரச் சராசரி ஆட்டம் காணும்.

எண்ணை வைத்து என்ன முடிவெடுப்பது

முதல் நான்கு வாரம் அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த முடிவும் எடுக்க வேண்டாம். பிறகு அந்த நான்கு வாரத்தின் சராசரியையும், திட்ட விலக்கத்தில் பாதியையும் எடுத்து ஒரு வரம்பு போடுங்கள். மடக்கை அளவில் சராசரி 3.80, திட்ட விலக்கம் 0.20 என்றால் வரம்பு 3.70 முதல் 3.90 வரை. மில்லி நொடியில் சொன்னால் ஏறக்குறைய 40 முதல் 49. பெரும்பாலான செயலிகள் இதைத் தாமே போட்டுத் தந்துவிடும். கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் செயலி என்ன சொல்கிறது என்பது புரியும்.

இனி பார்க்க வேண்டியது கடந்த ஏழு நாள் சராசரியை. அது வரம்புக்குள் இருந்தால் அட்டவணைப்படி ஓடுங்கள். வரம்புக்குக் கீழே போனால் அன்றைய இன்டர்வலையோ டெம்போவையோ தள்ளி வைத்துவிட்டு ஈஸி ரன் ஓடுங்கள், அல்லது ஓய்வெடுங்கள். சராசரி மேலே வந்ததும் தள்ளி வைத்ததைச் செய்யலாம். ஒரு நாள் மட்டும் எண் சரிந்தால் காரணம் தெரிகிறதா என்று யோசியுங்கள். நேற்றிரவு கல்யாண ரிசப்ஷன், பதினொரு மணிக்குப் பிரியாணி என்று காரணம் கண்ணெதிரே இருந்தால் அது ஒரு நாள் விவகாரம். காரணமே இல்லாமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் அடுத்து காய்ச்சலோ சளியோ வரக்கூடும் என்று எதிர்பாருங்கள்.

ஈஸி ரன்னை ஏன் நிறுத்தச் சொல்லவில்லை? ஸ்டீபன் சைலர் குழுவினர் 2007இல் நார்வேயில் நன்கு பயின்ற ஓட்டக்காரர்களை அளந்தபோது, பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடியவர்களுக்கும் நரம்பு மண்டலம் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. வேகம் கூடியபோதுதான் அது தாமதமானது. நம் ஊர்க் குழுக்களில் ஈஸி ரன் என்று தொடங்கி மூன்றாவது கிலோமீட்டரில் போட்டியாக மாறும் வழக்கம் உண்டு. எச்.ஆர்.வி. சரிய அந்த வழக்கம் ஒன்றே போதும்.

இந்த முறைக்கு ஆதாரம் பெரும்பாலும் பின்லாந்திலிருந்து வந்தது. ஊலு நகரில் அன்டி கிவினியெமி குழுவினர் 26 ஆண்களை வைத்து நான்கு வாரம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், காலை எண்ணைப் பார்த்துக் கடினப் பயிற்சியை முடிவு செய்தவர்கள், முன்கூட்டியே எழுதிய அட்டவணைப்படி ஓடியவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். 2016இல் வில்லே வெஸ்டரினென் குழுவினர் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களிடம் பார்த்ததும் இதையொட்டியதே: எண்ணைப் பின்பற்றியவர்கள் கடினப் பயிற்சிகளைக் குறைவாகவே செய்தார்கள், ஆனாலும் 3000 மீட்டர் நேரம் மேம்பட்டது. சிறிய ஆய்வுகள், குளிர்நாட்டு உடல்கள். நமக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் களைத்த உடலில் இன்டர்வல் ஓட வேண்டாம் என்ற அடிப்படை எந்த ஊருக்கும் பொருந்தும்.

நம் பக்கத்தில் எண்ணை ஆட்டிவைப்பவை

ஷிப்ட்தான் முதல் ஆள். இரவு வேலை பார்ப்பவர் காலை ஆறு மணிக்கு மெஷினை விட்டு வந்தவுடன் அளக்கக்கூடாது. அன்றைய நீண்ட தூக்கம் எப்போது முடிகிறதோ, மதியம் இரண்டு மணியானாலும், அப்போதுதான் அளக்க வேண்டும். குறிப்பேட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று ஷிப்டை எழுதுங்கள். சி ஷிப்ட் வார எண்ணை முந்தைய சி ஷிப்ட் வாரத்தோடு ஒப்பிடுங்கள். ஏ ஷிப்ட் வாரத்தோடு ஒப்பிட்டால் எப்போதும் நோயாளி போலத்தான் தெரிவீர்கள். ஷிப்ட் மாறும் முதல் இரண்டு நாள் எண் என்ன சொன்னாலும் கடினப் பயிற்சி வேண்டாம் என்பது என் கட்டாய விதி. தூக்கத்தின் கடிகாரம் இடம் மாறும்போது எண்ணின் ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் கண்டுபிடிப்பது கடினம். ஞாயிறு லாங் ரன்னையும் புனிதமாக நினைக்க வேண்டியதில்லை. வார விடுமுறை புதன்கிழமை என்றால் லாங் ரன் புதன்கிழமை.

அடுத்தது வெக்கை. கத்திரி நாட்களில் காலை ஐந்து மணிக்கே 28, 29 டிகிரி இருக்கும், காற்றில் ஈரமும் கனத்திருக்கும். வியர்வை ஆவியாகாமல் வழிந்து மட்டும் போகும்போது உடலின் சூட்டைத் தணிக்க ரத்தம் தோலுக்குப் பாய வேண்டியிருக்கிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. போதாக்குறைக்குப் பகலெல்லாம் சூடேறிய கூரை இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. ஆகவே மே மாத எண்ணை மார்கழி எண்ணோடு வைத்துப் பார்க்காதீர்கள். வரம்பைக் கடந்த நான்கு வாரத்துக்கு என்று நகர்த்திக்கொண்டே போனால் பருவமும் அதற்குள் அடங்கிவிடும். கோடையில் எண்ணோடு எடையையும் பாருங்கள். நேற்றுக் காலையைவிட ஒரு கிலோவுக்கு மேல் குறைந்து எண்ணும் இறங்கியிருந்தால், முதல் சந்தேகம் தண்ணீரும் உப்பும். உப்புப் போட்ட நீர்மோருக்கு மிஞ்சிய மருந்தை நான் எந்த விளையாட்டுக் கடையிலும் பார்க்கவில்லை.

வடகிழக்குப் பருவமழை மாரத்தான் பயிற்சியின் உச்ச வாரங்களில்தான் வந்து விழும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூரும் கொரட்டூரும் தண்ணீரில் நின்றன. ஓட முடியாத அப்படியொரு வாரத்தை ஓய்வு வாரம் என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள். மின்சாரம் இல்லாத இரவுகளும், வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைத்த பகல்களும் உடலுக்குச் சுமைதான். விட்ட கிலோமீட்டர்களை அடுத்த வாரம் வட்டியோடு ஓடிக் கழிக்க நினைப்பவர்கள் முதலில் எண்ணைப் பார்க்கட்டும்.

மழையோடு டெங்கு வருகிறது. இங்கே எச்.ஆர்.வி. உங்களைத் தவறான பக்கம் தள்ளிவிடக்கூடும். டெங்குக் காய்ச்சல் தணிந்து தேறும் நாட்களில் நாடித்துடிப்பு இயல்பைவிடக் குறைவது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். துடிப்பு குறைந்தால் இடைவெளிகள் நீளும், எண் உயர்ந்து, செயலி பச்சை விளக்குக் காட்டலாம். நம்பாதீர்கள். டெங்குக்குப் பிறகு எப்போது ஓடலாம் என்பதை மருத்துவரும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்ல வேண்டும்.

கார்த்திகையில் மாலை போடுபவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். மண்டல விரதமும் பயிற்சியின் கடின வாரங்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும். மது நிற்கிறது, புகை நிற்கிறது, இரவுச் சாப்பாடு இலகுவாகிறது. எண் ஏறுவதற்கு இவையே போதும், ஏனெனில் மது குடித்த இரவைப் போல எண்ணைக் கீழே தள்ளுவது வேறு அதிகமில்லை. மறுபக்கம் விடியுமுன் எழுவதும் பஜனை இரவுகளும் தூக்கத்தைத் தின்னும். பச்சைத் தண்ணீர்க் குளியலும் வேகஸைத் தூண்டும் என்பதால் குளிக்குமுன் அளந்துவிடுங்கள். மாலை போட்ட முதல் இரண்டு வாரம் பழைய வரம்பை வைத்து முடிவெடுக்காமல் இருப்பது நல்லது. நோன்பு மாதத்துக்கும் இதே யோசனைதான். சஹருக்கு எழுந்தவுடன், சாப்பிடுமுன் அளக்க வேண்டும்.

பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரத்தில் எண் சற்று இறங்குவது இயல்பு. சுழற்சியின் எத்தனையாவது நாள் என்று குறித்து வைத்து, போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிட்டால் தேவையில்லாமல் பயிற்சியைக் குறைக்க நேராது.

எண் உயர்ந்தும் உடல் படுத்தால்

எண் குறைந்தால் களைப்பு, கூடினால் நலம் என்ற சூத்திரம் எல்லா நேரமும் உதவாது. பயிற்சி அளவு மீறிப் போன சிலருக்கு எச்.ஆர்.வி. உயர்ந்துவிடும். ஓடும்போது துடிப்பு எவ்வளவு முயன்றாலும் ஏறாது, கால் கனக்கும். யான் லெ மெர் குழுவினர் 2013இல் மூவிளையாட்டு வீரர்களிடம் இதைத் தெளிவாகவே கண்டார்கள். இதைப் பிடிக்க இன்னொரு சாட்சி தேவை. வாரம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் ஓர் ஈஸி ரன் ஓடுங்கள். ஆவடிக்காரர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவின் நடைபாதை நல்ல இடம், நடைக்காரர்களின் கூட்டம் சேருமுன் போனால். துடிப்பை 140இல் நிறுத்திக்கொண்டு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். எண் உயர்ந்து இந்த நேரமும் மேம்பட்டால் பயிற்சி வேலை செய்கிறது. எண் உயர்ந்தும், துடிப்பு 140ஐத் தொடவே மறுத்து, கால் இழுத்தால் ஒரு வாரம் குறையுங்கள்.

ஓடும்போதே எச்.ஆர்.வி.யைப் பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. டி.எஃப்.ஏ. ஆல்ஃபா-1 என்ற கணக்கில் எண் 0.75க்கு இறங்கும் வேகம் உங்கள் முதல் எல்லை, அதாவது பேசிக்கொண்டே ஓட முடியும் வேகத்தின் உச்சி, என்று ப்ரூஸ் ரோஜர்ஸும் தாமஸ் குரோன்வால்டும் 2021இல் எழுதினார்கள். நெஞ்சுப் பட்டை கட்டாயம், கடிகாரத்தின் ஒளி உணரி உதவாது. பட்டை சற்று நழுவினாலும் கணக்கு குழம்பிவிடும். ஆர்வமுள்ளவர்கள் முயலட்டும். மற்றவர்களுக்கு, ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்ற சோதனை செலவில்லாதது, ஏறக்குறைய அதே பதிலைத் தரும்.

மருத்துவரிடம் போக வேண்டிய எண்கள்

செயலி நோயைக் கண்டுபிடிக்கும் கருவி கிடையாது. ஆனாலும் நாள்தோறும் எண் தாறுமாறாக எகிறி, துடிப்பு ஒழுங்கற்றது என்று செயலி திரும்பத் திரும்பச் சொன்னால் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், மயக்கம், படபடப்பு இருந்தால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனை. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு இதில் பைசா செலவில்லை. விளையாட்டு மருத்துவம் தெரிந்தவரிடம் காட்ட விரும்பினால் போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் அதற்கென்றே மையம் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பும் மாறுபாடும் மாத்திரையால் மாறியிருக்கும். மருந்தின் அளவு மாறினால் வரம்பைப் புதிதாகப் போட வேண்டும்.

பந்தய வாரம்

கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தைக் குறைக்கும்போது எண் ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். பலருக்கு அது இறங்கும். உயர் மட்ட வீரர்களிடம் டேனியல் ப்ளூஸ் குழுவினர் இதைப் பார்த்திருக்கிறார்கள். உடல் பந்தயத்துக்குத் தயாராவதன் அடையாளமாகவும் அது இருக்கலாம், வெறும் பதற்றமாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனவே வியாழக்கிழமையோடு அளப்பதை நிறுத்திவிடுங்கள். நேப்பியர் பாலத்துக்குப் போகும் காலையில் செயலியைத் திறக்கவே வேண்டாம். இரவெல்லாம் தூக்கம் வராத உடலை அளந்து சிவப்பு விளக்கைப் பார்ப்பதால் யாருக்கும் ஒரு நொடி கூடக் குறையப் போவதில்லை.

மறுநாள் மீண்டும் தொடங்குங்கள். முழு மாரத்தானுக்குப் பிறகு எண் சில நாள் கீழேயே கிடக்கும், ஓய்வுத் துடிப்பும் உயர்ந்திருக்கும். அடுத்த சில நாளில் போகி. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை தணியும்வரை வெளியே ஓட்டம் வேண்டாம், நடை மட்டும், அதுவும் மாலையில். ஏழு நாள் சராசரி வரம்புக்குள் திரும்பி, மாடிப்படி இறங்கும்போது தொடையும் வலிக்காமல் இருந்தால் முதல் ஈஸி ரன்னை ஓடலாம். எண் தொடைக்கு முன்பே தேறிவிடுவது வழக்கம். அப்போது தொடை சொல்வதையே கேளுங்கள்.